இடது கால்

வெள்ளிக்கிழமை சாவி கைமாறுகிறது.
அதற்குள் வீட்டைத் துடைத்து
யாருமே வளராத இடம்போல வைக்க வேண்டுமாம்.
சொன்னவன் தம்பி ஐவின்,
பெர்கனிலிருந்து, தொலைபேசியில்,
எதையோ மென்றுகொண்டே.

மாடியில் என் அறை.
அம்மா எதையும் எறியவில்லை,
எதையும் வைத்துக் கொஞ்சவும் இல்லை.
மூடினாள், அவ்வளவுதான்.
வாழைப்பழ அட்டைப்பெட்டிகள் ஒன்பது.
மேலே அவளுடைய சாய்ந்த எழுத்து:
பள்ளி. பள்ளி. கம்பளி. பள்ளி.
ஒன்றில் மட்டும்
'தெரியவில்லை.'

நீச்சல் பதக்கத்தைப் பித்தளை என்றே நம்பியிருந்தேன்.
பிளாஸ்டிக்.
தீப்பெட்டிக்குள் பால்பற்கள்,
ஐவினுடையதும் கலந்து.
எது யாருடையது என்று
இனி எந்த நாக்குக்கும் தெரியாது.
ஒரு காது மட்டும் தேய்ந்த துணி முயல்.
இதற்கெல்லாம் அழுவேன் என்று
கைக்குட்டை வாங்கி வந்திருந்தேன்.
பசிதான் வந்தது.
நாற்காலி இல்லாத சமையலறையில் நின்றபடி
காய்ந்த ரொட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டி.

சாப்பிட்ட கையோடு
'தெரியவில்லை'யைத் திறந்தேன்.
மேலே பழைய திரைச்சீலை.
அடியில்
ஸ்கேட்டிங் ஷூ ஒன்று. வெள்ளை. இடது கால்.
நாக்கின் உட்புறம் நீல மையில்:
டோருன்.

தேள் கொட்டிய திருடன் கத்தமாட்டான்.
நான் இருமினேன்,
ஆளில்லாத வீட்டில்.

பதினோரு வயது. பிப்ரவரி.
ஏரி கல்லாய் இறுகிக் கிடந்தது.
பள்ளிப் பந்தயங்களில் எப்போதும் அவள் முதுகைத்தான்
பார்த்துக்கொண்டு போவேன்.
பின்னல் இடமும் வலமும் ஆடும்.
இரண்டையும் எடுத்திருந்தால் திருட்டு.
ஒன்றை மட்டும் எடுத்தேன்.
அதற்கு என்ன பெயர்?

வலது ஷூவை மாட்டிக்கொண்டு
இடது காலைத் தூக்கியபடி
கரையில் நின்றாள், கொக்குபோல.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை, தேட உதவினேன்.
அதுதான் இப்போது தொண்டையை அடைக்கிறது:
உதவினேன்.
பெஞ்சுக்கடியில் குனிந்தேன், பனியைக் கிளறினேன்,
"கிடைச்சிடும் டோருன், கிடைச்சிடும்" என்றேன்.
பந்தயத்தில் நான் மூன்றாவது.

பெட்டியை ஒட்டியவள் அம்மா.
அவளுக்குப் படிக்கத் தெரியும்.

குப்பை நிலையத்தில்
ஆரஞ்சு மேலங்கி போட்டு நிற்பவள் டோருன்தான்.
ஊருக்கே தெரிந்த விஷயம், எனக்கும்.
முதல் நடையில் மெத்தை, மரம்.
இரண்டாவதில் காகிதம்.
இரண்டு முறையும் தலையசைத்தாள், தலையசைத்தேன்.
மூன்றாம் நடையில் அது மட்டும்,
பக்கத்து இருக்கையில்.
ஆள் இருக்கிறார், பட்டை போடு என்று
வழியெல்லாம் கார் கூவியது.

வாங்கினாள். கவிழ்த்தாள்.
கத்தியின் துருவைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.
நாக்கை இழுத்துப் பார்த்தாளா?
காற்றில் என் கண் கலங்கியிருந்தது,
சத்தியமாகக் காற்றில்தான்.
ஒத்திகை பார்த்து வந்த வாக்கியம்
மீன்முள்ளாய்க் குறுக்கே நின்றது.

"இப்படிக் கலந்ததை எடுக்கமாட்டோம்" என்றாள்.
"இரும்பு நாலாம் தொட்டி, தோல் ஏழு.
நீயே பிரிச்சுக் குடு."
மேலங்கிப் பையிலிருந்து
ஒரு திருப்புளியை நீட்டினாள்.

ஆறு திருகுகள்.
குளிரில் விரல் எனக்குச் சொந்தமில்லாமல் போயிற்று.
ஐந்து கழன்றன.
ஆறாவதன் தலை தேய்ந்திருந்தது,
திருப்புளி சுற்றியதே தவிர அது அசையவில்லை.
பின்னால் வரிசையில் ஒரு ஹாரன், அப்புறம் இரண்டு.

டோருன் நகரவில்லை.
என்னைப் பார்க்கவும் இல்லை.
கையை உயர்த்தி
வரிசையிடம் சொன்னாள்:
"பொறுங்க.
இவளுக்கு இன்னும் முடியல."